திரும்பி வந்தவரும் கேட்டவரும்

(ஸ்காபரோவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியத்தையோ சைவ சித்தாந்தத்தையோ எதிர்பார்த்து வருவது நம் வழக்கம். இந்த முறை ஒரு கனடிய விமானியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது குழுவில் ஒருவர், "அவர் எங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

1942 ஏப்ரல் 4, சனிக்கிழமை. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலிக்குப் பக்கத்தில் கொக்கலை ஏரியிலிருந்து ஒரு கற்றலினா பறக்கும் படகு காவலுக்குக் கிளம்பியது. கனடிய அரச விமானப்படையின் 413ஆவது அணியைச் சேர்ந்த விமானம் அது. ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, ஷெட்லண்ட் தீவுகளின் குளிரில் இருந்த அந்த அணி இலங்கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. விமானத்தில் ஒன்பது பேர். தலைவர் லெனார்ட் பேர்ச்சால், 26 வயது. ஊர் சென். கத்தரின்ஸ். நாம் விருந்தாளிகளை நயாகராவுக்குக் கூட்டிப்போகும்போது வழியில் கடந்து போகிறோமே, அதே ஊர்.

நாள் முழுக்கக் கடலையே பார்த்துவிட்டுத் திரும்பவேண்டிய நேரத்தில், இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைல் தொலைவில், தொடுவானத்தில் சில கரும்புள்ளிகள் தெரிந்தன. பேர்ச்சால் திரும்பிப் போயிருக்கலாம். என்ன கப்பல், எத்தனை கப்பல் என்று பார்க்க நெருங்கிப் போனார். நாலு மாதம் முன்பு பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியக் கடற்படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. கற்றலினா வேகமில்லாத விமானம். ஜப்பானியப் போர் விமானங்கள் சில நிமிடங்களில் வந்து சூழ்ந்துகொண்டன. வானொலி இயக்குநர் செய்தியைத் தந்தியடித்துக்கொண்டிருக்கும்போதே குண்டுகள் பாய்ந்தன. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். மற்ற அறுவரை ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கடலிலிருந்து தூக்கிச் சிறைப்பிடித்தது.

செய்தி கொழும்புக்குக் கிடைத்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களை அவசரமாக வெளியே அனுப்பினார்கள். மறுநாள் காலை கொழும்பில் குண்டு விழுந்தது. அன்றே இந்து சமுத்திரத்தில் டோசெற்சயர், கோர்ன்வால் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கின. 9ஆம் தேதி திருகோணமலையின் முறை. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலுக்குள் போனது. இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது.

பேர்ச்சாலுக்குப் பிறகு "இலங்கையைக் காத்தவர்" என்று பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஜப்பானியர் அன்று வந்தது பிரித்தானியக் கடற்படையை அழிக்க. தரையிறங்கித் தீவைப் பிடிக்கும் ஏற்பாட்டோடு அல்ல. பட்டம் பத்திரிகைக்கு உதவும், மனிதரைப் புரிந்துகொள்ள உதவாது. பேர்ச்சாலின் பெரிய காரியம் கற்றலினாவில் நடந்ததல்ல, அதன் பிறகு சிறைமுகாம்களில் கழிந்த மூன்றரை வருடங்களில் நடந்தது.

முகாமில் சோறு குறைவு. பசித்தவனுக்குப் பக்கத்துக் கோப்பை எப்போதும் நிறைவாகத்தான் தெரியும். பேர்ச்சால் ஒரு விதி வைத்தார்: அதிகாரியின் கோப்பையில் தன்னுடையதைவிட ஒரு பருக்கை கூட இருக்கிறது என்று எந்தச் சிப்பாய் நினைத்தாலும், தன் கோப்பையைக் கொடுத்துவிட்டு அதிகாரியின் கோப்பையை வாங்கிக்கொள்ளலாம். இதைப் பிற்காலத்தில் தலைமைத்துவம் பற்றிய தன் பேச்சுகளில் அவரே சொன்னார். நோயாளிகளை வேலைக்கு இழுத்துப் போனபோது எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார். அதற்குரிய அடியையும் வாங்கினார். முகாமில் ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் போருக்குப் பின் நடந்த விசாரணைகளில் சாட்சியாகின.

இன்னொரு கதை, லெஸ்ரர் பியர்சன் வழியாக வந்தது. நம்மில் முக்கால்வாசிப்பேர் வந்திறங்கிய விமான நிலையத்துக்குப் பெயர் தந்தவர் அவர். போர் முடிந்து வோஷிங்ரனில் ஒரு விருந்தில் சேர்ச்சிலிடம், போரிலேயே ஆபத்தான கணம் எது என்று கேட்டிருக்கிறார்கள். ஜப்பானியக் கப்பல்கள் இலங்கையை நெருங்கிய அந்தக் கணம்தான் என்று சேர்ச்சில் சொல்லி, அதைக் கண்டுசொன்ன பெயர் தெரியாத விமானி கடலுக்கடியில் கிடக்கிறார் என்ற தொனியில் வருந்தினாராம். பியர்சன் குறுக்கிட்டு, "அவர் சாகவில்லை, இதே ஊரில் எங்கள் தூதரகத்தில் வேலை செய்கிறார்" என்றாராம். விருந்துமேசைக் கதைகளுக்கு எப்போதும் ஒரு கைச்சரக்கு சேரும். ஆனாலும் இந்தக் கதையை நான் விடமாட்டேன். உயிரோடு ஒரே ஊரில் இருக்கும் ஒருவரைச் செத்தவராகப் பாவித்துப் புகழ்வது நமக்கும் பழக்கமான காரியம்.

விமானப்படையை விட்ட பிறகு பேர்ச்சால் இந்த ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார், 1980களின் தொடக்கம் வரை. அதற்குச் சற்றுப் பின்னால், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, நம் ஆட்கள் இந்த நகரத்துக்குக் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். பேர்ச்சால் பிறகு கிங்ஸ்ரனில் வாழ்ந்தார். மொன்றியல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் 401இல் கிங்ஸ்ரனில் பெற்றோல் அடிக்க நிற்பது வழக்கம். கொழும்புக்குக் குண்டு வருகிறது என்று முதலில் சொன்ன மனிதர் அந்த ஊரில் இருக்கிறார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 2004 செப்ரெம்பரில், 89 வயதில், அவர் காலமானார்.

என்றாலும் பேர்ச்சாலுக்குப் பட்டம் கிடைத்தது, விருதுகள் கிடைத்தன, இன்று ஒரு சொற்பொழிவும் கிடைத்திருக்கிறது. அதே 413ஆவது அணியில் ரே தோமஸ் என்று ஒரு விமானி இருந்தார். ஏப்ரல் 9ஆம் தேதி, திருகோணமலை தாக்கப்பட்ட அன்று, அவருடைய கற்றலினாவும் அதே கடற்படையைக் கண்டது. செய்தி அனுப்பத் தொடங்கியது; பாதியில் நின்றது. விமானத்தில் இருந்த எவரும் திரும்பவில்லை. ஐந்து நாள் இடைவெளியில் அதே வேலை, அதே துணிவு. ஒருவரைத் தீவைக் காத்தவர் என்கிறோம், மற்றவரின் பெயரை இப்போதுதான் இந்த அவையில் பலர் கேட்கிறீர்கள்.

வித்தியாசம் வீரத்தில் இல்லை. ஒருவர் திரும்பி வந்தார், அவரிடம் கேட்க ஆள் இருந்தது. இன்று நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். போரின் நினைவை ஆக்குவது திரும்பி வந்தவரும் கேட்டவரும் சேர்ந்துதான். கல்லும் மலர்வளையமும் அதற்குப் பின்னால் வருபவை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது 18 வயதாக இருந்தவர் இன்று நூறை நெருங்குகிறார். கனடாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் போரில் சேவை செய்தார்கள்; 45,000 பேர் அளவில் திரும்பவில்லை. திரும்பியவர்களில் எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். சொல்பவர் பக்கம் காலியாகிக்கொண்டு வருகிறது.

இந்த நாடு அதை உணர்ந்திருக்கிறது என்றே சொல்வேன். சடங்கில் குறை வைப்பதில்லை. ரொறன்ரோவின் பழைய நகர மண்டபத்துக்கு முன்னாலுள்ள நினைவுத்தூண் 1925 நவம்பர் 11 அன்று திறந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 11, நினைவு நாளன்று, காலை 11 மணிக்கு ரீரீசி பஸ்களும் ரயில்களும்கூட இரண்டு நிமிடம் நிற்கின்றன. ஒட்டாவாவில் போரில் இறந்தவர்களின் பெயர்ப் புத்தகங்கள் இருக்கின்றன; தினமும் 11 மணிக்குப் பக்கம் புரட்டுகிறார்கள், ஒவ்வொரு பெயரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்த பக்கத்தில் வரும்படி. ரே தோமஸின் அணியைச் சேர்ந்தவர்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு.

முதலாம் போரின் கடைசிக் கனடிய வீரர் ஜோன் பப்கொக் 2010 பெப்ரவரியில், 109 வயதில் இறந்தார். கடைசியாக எஞ்சுபவருக்கு அரச மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தவேண்டும் என்று அதற்கு மூன்று வருடம் முன்பே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. பப்கொக் வேண்டாம் என்றுவிட்டார். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன் அவர்; கடல் கடந்து போனார், போர்முனைக்குப் போகுமுன் போர் முடிந்துவிட்டது. உண்மையில் சண்டையிட்டவர்களுக்குரிய மரியாதையைத் தான் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நினைத்தார். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேவை செய்த ஒரு போருக்கு, கடைசியில், துப்பாக்கி முழக்கத்தைக் கேட்காத ஒருவர்தான் உயிருள்ள சாட்சி! கடைசி ஆள் வரை காத்திருந்தால் கிடைப்பது இதுதான்.

ஆள் போன பிறகு கடதாசியும் உலோகமும்தான் மிச்சம். அதிலிருந்தும் ஒருவரை மீட்கலாம் என்பதற்கு புக்கம் சிங் உதாரணம். பஞ்சாபிலிருந்து பதின்ம வயதில் கனடாவுக்கு வந்து, 1915இல் ஒன்ராறியோவில் படையில் சேர்ந்து, 1916இல் பிளாண்டர்சில் இரண்டுமுறை காயப்பட்டு, காசநோயோடு திரும்பி, 1919இல் கிச்சினரில் தனியாகச் செத்தவர். மவுண்ட் ஹோப் மயானத்தில் புதைத்தார்கள். தொண்ணூறு வருடம் எவரும் அவரைத் தேடவில்லை. பிறகு இங்கிலாந்தில் ஒரு அடகுக்கடையில் ஒரு பதக்கம் சந்தீப் சிங் பிரார் என்ற வரலாற்று ஆர்வலரின் கைக்கு வந்தது. அந்தக் காலப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் இலக்கமும் பெயரும் பொறித்திருப்பார்கள். அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆவணக்காப்பகக் கோப்பு வரை போய், அங்கிருந்து கல்லறைக்கு வந்து சேர்ந்தார் பிரார். இப்போது ஆண்டுதோறும் நவம்பரில் சீக்கியர்கள் அங்கே கூடுகிறார்கள். முதலாம் போரில் சேவை செய்த கனடியப் படையினரின் கோப்புகள் அனைத்தும், ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல், 2018இல் எண்ணிம வடிவத்துக்கு வந்துவிட்டன. உயரம், கண்ணின் நிறம், மார்பளவு, கடன்பாக்கி எல்லாம் அவற்றில் இருக்கும். பெரும்பாலும் சலிப்பூட்டும் காகிதம். ஆனால் பெயர் இருக்கிறது.

நம் பக்கம் பெயரே இல்லாத கல்லும் உண்டு. தமிழ்நாட்டில் சில ஊர்களில் பிரித்தானியர் பதித்த பலகைகள் இன்றும் இருக்கின்றன: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும்தான், எந்த வீட்டுப் பிள்ளை என்று இராது. ஆநிரை மீட்டுச் செத்த ஒருவனுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு, அதில் அவன் பெயரை எழுதி வாழ்த்துவது வரை துறை துறையாக இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்தில் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஆநிரைப் போரில் செத்தவனின் பெயர் நமக்குத் தெரியும். நூறு வருடத்துக்கு முன் மெசொப்பொத்தேமியாவுக்குப் போன அதே மண்ணின் பையன் ஓர் இலக்கம்.

விதிவிலக்குகள் உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சப்பர்ஸ் படையில் இருந்தவர், 1944இல் இத்தாலியில் கண்ணிவெடியின்மேல் தன் உடலைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காத்துச் செத்தார். ஜோர்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. அதே இத்தாலியில், அதே ஆண்டு மே மாதம், காரி ஆற்றைக் கடக்க 8ஆவது இந்தியப் படைப்பிரிவுக்குத் துணையாக வந்தவை கனடியத் தாங்கிகள். கல்கரியிலிருந்தும் ஒன்ராறியோவிலிருந்தும் வந்த பையன்களும் இந்தியச் சிப்பாய்களும் ஒரே பாலத்தில் ஆறு கடந்தார்கள். நவம்பர் 11 எங்களுக்குரிய நாள் இல்லை என்று நினைக்கும் நம் இளைஞர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி வீட்டுப் பக்கம் வருகிறேன். போரை நினைவில் வைத்திருப்பவர்கள் சீருடை போட்டவர்கள் மட்டுமல்ல. 1942 ஏப்ரலில் திருகோணமலையிலும் கொழும்பிலும் குழந்தைகளாக இருந்தவர்கள் ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒரு அம்மாவோடு உட்கார்ந்து பேசினேன். தொண்ணூறைத் தாண்டியவர். தகப்பனார் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைப் பற்றியும் விமானங்களைப் பற்றியும் கேட்கவேண்டும் என்று போனேன். அவர் சொன்னார்: "தம்பி, குண்டு விழுந்த சத்தம் எனக்கு ஞாபகத்தில இல்லை. அம்மா புட்டுக்குழலை இறக்காமலே எங்களை இழுத்துக்கொண்டு ஓடினவ. புட்டு என்னாகும், புட்டு என்னாகும் எண்டு நான் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு போனனான்." தம்பலகாமத்துக்கு மாட்டு வண்டியில் போனது, அங்கே மூன்று குடும்பம் ஒரு விறாந்தையில் படுத்தது, வீட்டுக்குத் திரும்பியபோது கொடியில் விட்டுப்போன வேட்டி கரி படிந்து கிடந்தது, எல்லாம் அந்தப் புட்டுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. பர்மா விழுந்ததால் அரிசி வராமல் போனதையும் கூப்பனில் கிடைத்த மாவை எவரும் தின்னத் தெரியாமல் திகைத்ததையும் அவர் சொன்ன விதத்தில் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இதுபோல மலாயாவிலிருந்து பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஜப்பானியர் காலம் அவர்கள் வீட்டுப் பேச்சு. ஜப்பானியர் போட்ட சயாம் பர்மா ரயில்பாதையில் செத்த நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. அங்கே மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு அப்படிப் பெயர் சொல்லும் கல் இல்லை. அவர்களைப் பற்றி ஏதும் எஞ்சியிருந்தால் அது யாராவது ஒரு பேத்தி கேட்டுவைத்ததில்தான்.

நான் சுற்றி வளைத்து எங்கே வருகிறேன் என்று இந்த அவைக்குத் தெரியும். நவம்பர் 11க்குப் பிறகு பதினாறு நாளில் நவம்பர் 27, மாவீரர் நாள், வருகிறது. இலங்கையில் நடந்த நம் போர் 2009இல் முடிந்தது. அதில் ஆயுதம் ஏந்தியவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். நாற்பதிலும் ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கிறார்கள், தொழிற்சாலையிலும் லொறியிலும் உணவகச் சமையலறையிலும் வேலை செய்கிறார்கள். பேசுவதில்லை. 2006இல் கனடா விடுதலைப் புலிகளைத் தடைசெய்யப்பட்ட இயக்கமாகப் பட்டியலிட்டது. வதிவிடக் காகிதம் என்னாகுமோ என்ற பயம் ஒரு காரணம். ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு ஏதும் நடக்குமோ என்பது இன்னொன்று. இயக்கத்தால் கட்டாயமாகப் பிடித்துப் போகப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பேச நம் மேடைகளில் இடமில்லை என்பது மூன்றாவது, அதுதான் நம்மால் மாற்றக்கூடியது. இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. கல் போன பிறகு நாம் இங்கே பெரிய மண்டபங்களில் விளக்கேற்றுகிறோம். அது வேண்டும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அழ ஓர் இடம் வேண்டும். ஆனால் மேடையில் நாம் சொல்லும் வீரர் எப்போதும் புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் வீரர்தான். பின்வரிசையில் முழங்காலில் சன்னத்தோடு உட்கார்ந்திருப்பவரைக் கேட்பதில்லை. அவர் சொன்னால் நமக்குப் பிடித்ததும் வரும், பிடிக்காததும் வரும். பொதுமக்களுக்கு நடந்ததும் வரும், நம்மவர் நம்மவருக்குச் செய்ததும் வரும். இரண்டையும் வாங்கிக்கொள்ளாத நினைவேந்தலை எதிர்காலத்தில் எந்த வரலாற்றாசிரியரும் சாட்சியாக எடுக்கப்போவதில்லை.

அவர்கள் பேச விரும்பினால் எப்படிக் கேட்பது? சட்டம் தெரிந்தவரிடம் முதலில் யோசனை கேளுங்கள். பெயரை மறைத்துப் பதியலாம், இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் காப்பகத்தில் வைக்கலாம். உலகில் பல காப்பகங்கள் இப்படிச் செய்கின்றன. நூலக நிறுவனம் போல நம்மவர் நடத்தும் எண்ணிமக் காப்பகங்களும் இன்று இருக்கின்றன.

முதியவர்களிடம் கேட்பதற்கு அவ்வளவு சிக்கலில்லை. "போர் எப்படி இருந்தது?" என்று தொடங்காதீர்கள். அதற்கு அவர்கள் நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகிய ஒரு பதில் தயாராக இருக்கும், அதையே ஒப்புவிப்பார்கள். அன்று காலை என்ன சாப்பாடு, யார் சமைத்தது, எந்தச் செருப்பு, கடிதம் யார் வாசித்துக் காட்டியது என்று கேளுங்கள். தேதி பிழைத்தால் திருத்தவேண்டாம். தேதியைப் புத்தகத்தில் பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் மகன், "அம்மா அதைச் சொல்லுங்கோ, இதைச் சொல்லுங்கோ" என்று எடுத்துக் கொடுப்பார். அவரை ரிம் ஹோர்ட்டன்சுக்குக் கோப்பி வாங்க அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் பதிந்தால் அன்றிரவே இன்னொரு பிரதி எடுத்துவையுங்கள், யார், எந்த ஊர், என்றைக்குப் பேசியது என்று மூன்று வரி எழுதி.

சொற்பொழிவுக்குப் பிறகு தேநீரும் ரோல்சும் இருக்கின்றன என்று குழுவினர் சொன்னார்கள். முன்வரிசையில் 1942இல் பள்ளிக்கூடம் போன மூன்று பேராவது இருக்கிறார்கள். நான் வரும்போது வயது கேட்டுவைத்தேன். அவர்களுக்கு ஒரு பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்காருங்கள்.